யார் எதைத் திறக்கலாம்

எங்கள் மருத்துவமனையில் என் அண்ணிக்குப் பூட்டு என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவர் காதுக்கு எட்டாத பேச்சே கிடையாது என்பதால் அவருக்கும் தெரியும். எனக்குப் பட்டாசு என்று பெயர். அதை முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ் நான். இருபத்திரண்டு கட்டில், ஒன்பது நர்ஸ், ஒழுங்காக உருளும் சக்கர நாற்காலி ஒன்றே ஒன்று. இதை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேச முடியுமானால் யாராவது வந்து பேசிக் காட்டட்டும்.

அண்ணிக்குக் கம்ப்யூட்டர் பிரிவு. தரைத்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மெஷின்கள் சூடாகக் கூடாது என்று ஏசி எந்நேரமும் ஓடும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் திருத்தலாம், யார் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைப்பதுதான் அவர் வேலை. பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார்.

அவர் வந்து சேர்ந்த முதல் வாரமே எங்கள் இருவருக்கும் சண்டை. அப்போது வார்டு முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்ட். மறந்து போகுமே என்று அதைக் காகிதத்தில் எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டி வைத்திருந்தேன். வந்து கிழித்துப் போட்டார். மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார். நான்காவது தடவை, நோயாளிகள் எல்லாரும் பார்க்க, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றார்.

“சிஸ்டர், இதுக்குப் பதிலா வாசல்ல ஒரு போர்டு மாட்டிடுங்களேன், போற வர்றவங்களும் படிக்கட்டும்.”

“மாட்டறேன். ஆணியை நீங்க வந்து அடிங்க.”

“சுத்தியல் இருக்கா?” என்று கேட்டார் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் குரலுக்கு ஒதுங்காத ஒரு பெண்ணை அந்தக் கட்டடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சமயம் வீட்டில் அண்ணனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்பார்களே, எனக்கு அது அப்படியே பலித்தது. ஆறு மாதத்தில் பூட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதி லிஃப்ட் அவன் கை பட்டுத்தான் ஏறி இறங்குகிறது. எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மட்டும் ஓடாது. இரண்டாம் மாடியில் நான், மூன்றாம் மாடியில் அவர்கள். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீர் மேல். ஆகவே எனக்கு ராத்திரிச் சாப்பாடு மூன்றாம் மாடியில்தான். அங்கே அண்ணி ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: ஆஸ்பத்திரிப் பேச்சு சாப்பாட்டு மேஜைக்கு வரக் கூடாது. மீறினால் இரண்டாவது கரண்டி விழாது. எனக்கு அவர் சமையல் பிடிக்கும் என்பதால் பல விஷயங்களை நான் விழுங்கியிருக்கிறேன்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு கணக்கு வாத்தியார் உடம்பைக் காட்ட வந்தார். பரிசோதனை எல்லாம் முடித்து, பஸ் பிடித்து, தன் தெருவில் இறங்குவதற்குள் மளிகைக் கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை அவர் திரும்பி வந்து எங்கள் தலைவர் முன்னால் நின்றார். தலைவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். வாத்தியார் சத்தம் போடவே இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்.

“என் ரிப்போர்ட் என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி என் தெருவுக்கு எப்படிங்க வந்துச்சு?”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் விஷயம் ஊர் வாய்க்குப் போனது எங்கள் மருத்துவமனைக் கதவு வழியாக. அண்ணி துருவித் துருவிப் பார்த்ததில் ஆள் அகப்பட்டார். எங்கள் சலவைப் பிரிவுக்காரர். பாவம், நல்ல மனுஷன். முதலில் வார்டு உதவியாளராக வந்து, பிறகு எக்ஸ்ரேவுக்குப் போய், அங்கிருந்து ரசீது கவுண்ட்டர், அங்கிருந்து பதிவு அறை, கடைசியில் சலவைக்கு வந்தவர். போன இடத்தில் எல்லாம் அந்தந்தப் பிரிவுத் தலைவர் அவருக்கு ஓர் உரிமை கொடுத்திருக்கிறார். விட்டுப்போன இடத்தில் யாரும் அதைத் திரும்ப வாங்கவில்லை. பதினோரு வருஷத்தில், பெரிய டாக்டரால் திறக்க முடியாத கோப்பையும் அவர் போர்வை எண்ணுகிற கம்ப்யூட்டரில் திறக்கலாம் என்று ஆகியிருந்தது. வாத்தியார் அவர் தெருக்காரர். என்ன உடம்புக்கு என்று கவலைப்பட்டுத் திறந்து பார்த்தார், இரக்கப்பட்டுக் கடைக்காரரிடம் சொன்னார். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

பெரிய டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டார். “உலகத்துல இதுக்கு என்னென்ன முறை இருக்கோ எல்லாத்தையும் பாருங்க. எது நமக்கு ஒத்து வரும்னு ஒப்பிட்டு எழுதிக் குடுங்க. மூணு மாசம்” என்றார். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது எங்கள் நிர்வாகத்துக்குப் பழக்கம். இந்தத் தடவை வாலையாவது பிடித்தார்களே என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸ்கள் சார்பில் என்னையும் அந்தக் குழுவில் போட்டார்கள். நான் கேட்கவில்லை.

அண்ணி புத்தகத்தோடு நிறுத்தவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக வந்து உட்கார்ந்தார். என் வார்டில் முழுசாக இரண்டு நாள். யார் எதைத் திறக்கிறார்கள், எதற்குத் திறக்கிறார்கள், திறந்துவிட்டு மூடாமல் எங்கே போகிறார்கள் என்று ஒரு மூலையில் ஸ்டூல் போட்டுக்கொண்டு எழுதித் தள்ளினார். மாமியார் கூட மருமகளை அப்படிக் கவனிக்க மாட்டாள். முதல் நாள் மத்தியானமே என் நர்ஸ்கள் இரண்டு பேர் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள்.

இனி அந்த ஒப்பீடு. நாலு முறை இருக்கிறது என்றார்.

முதலாவது, அதுவரை எங்களிடம் இருந்தது. கோப்பை யார் உண்டாக்குகிறாரோ அவர்தான் சொந்தக்காரர். அவர் மனசு வைத்து யாருக்கு வேண்டுமானாலும் திறந்து விடலாம். டாக்டர் உண்டாக்கினால் டாக்டர் இஷ்டம், எக்ஸ்ரேக்காரர் உண்டாக்கினால் அவர் இஷ்டம். சலவைக்காரர் கதை அப்படி வந்ததுதான். கொடுக்க ஆள் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. அண்ணி அந்தப் பக்கத்தின் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார்.

இரண்டாவது, முத்திரை முறை. ராணுவத்தில் பழகியது. கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு படி, ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு படி. உன் படிக்கு மேலே உள்ளதைப் படிக்க முடியாது. மேலே உள்ளதைப் படித்தவர் கீழே எழுதவும் முடியாது, எழுதினால் ரகசியம் ஒழுகிவிடுமாம். யாருடைய இஷ்டமும் செல்லாது, பெரிய டாக்டர் இஷ்டம் உட்பட. கேட்க அழகாகத்தான் இருந்தது. என் வார்டில் ஒரு வாரம் சோதித்துப் பார்த்தோம். மேல் படியில் இருந்த டாக்டர், சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு கூடாது என்று கீழ்ப்படியில் இருந்த சமையலறைக்கு எழுதப் பார்த்தார், கம்ப்யூட்டர் விடவில்லை. ஒன்பதாம் கட்டில்காரருக்கு மூன்று நாள் ஜாம் தடவிய ரொட்டி போயிருக்கிறது. அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார். அண்ணியின் அறைக்குப் போய் நான் போட்ட சத்தத்தில் அந்த வாரம் அத்துடன் முடிந்தது.

மூன்றாவது, பொறுப்பு முறை. ஆளைப் பார்க்காதே, அவர் பொறுப்பைப் பார். நர்ஸ் என்றால் இன்னின்ன திறக்கலாம், மருந்தாளர் என்றால் இன்னின்ன. இடம் மாறினால் பழைய பொறுப்போடு பழைய உரிமையும் போய்விடும். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் பகல் நர்ஸ் ஒரு பொறுப்பு, ராத்திரி நர்ஸ் ஒரு பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழந்தைகள் வார்டையும் பார்த்துக்கொள்ளும் ராத்திரி நர்ஸ் இன்னொரு பொறுப்பு என்று எழுதிக்கொண்டே போனதில், இருநூற்றுப் பத்து பேர் வேலை செய்கிற இடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பொறுப்புகள் வந்துவிட்டன. இன்னொன்றும் இருந்தது. நர்ஸ் என்கிற பொறுப்புக்கு, எதிரே படுத்திருப்பவர் தன் பக்கத்து வீட்டுக்காரரா என்று தெரியாது.

நான்காவது, நிலவர முறை. யார் கேட்கிறார், யாருடைய கோப்பு, அவர் இப்போது இந்த வார்டில் இருக்கிறாரா, இவருக்கு இது வேலை நேரமா, இருவருக்கும் உறவு உண்டா என்று அந்த நொடியில் எல்லாவற்றையும் பார்த்துக் கதவைத் திறக்கும். இதற்கு எல்லாரும் தங்கள் உறவினர் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் மருத்துவமனையே கல்யாண வீடு மாதிரி ஆனது. எக்ஸ்ரேக்காரர் அண்ணியிடம் வந்து, “மேடம், பேச்சுவார்த்தை இல்லாத மச்சானையும் எழுதணுமா?” என்று கேட்டார்.

“அவரைத்தாங்க முதல்ல எழுதணும்.”

கடைசியில் அண்ணி மூன்றாவதை அடியில் போட்டு, நான்காவதை அதன் மேல் வைத்து, மனநலப் பிரிவு மாதிரி ஒரு சில கோப்புகளுக்கு மட்டும் இரண்டாவதன் முத்திரையை எடுத்துக்கொண்டார். கூடவே, அவசரத்துக்கு ஒரு வழி. நெருப்புப் பிடித்தால் அடிக்கிற மணிக்குத் தாழ்வாரத்தில் கண்ணாடி போட்டு மூடியிருக்குமே, அதே மாதிரி திரையில் ஒரு சிவப்புக் கட்டம். உயிர் போகிற நேரத்தில் கதவு திறக்காவிட்டால் அதை அழுத்தித் திறக்கலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். கண்ணாடியை உடைப்பது என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது; உடைத்தவர்களின் பட்டியல் மறுநாள் காலை அண்ணியின் மேஜைக்கு வரும்.

ஒப்பீட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவருக்கு எல்லாக் கோப்புகளையும் திறக்கும் உரிமை இருக்கிறது; அது தேவையில்லை, நீக்கவும். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உங்க உரிமைதானேம்மா?”

“ஆமா சார்.”

“உங்க மேல யாரும் புகார் சொல்லலையே.”

“வேலியே பயிரை மேயலாம்னு வழி விட்டு வைக்கக் கூடாது சார். சாவி குடுக்கறவ நான். உள்ள போக வேண்டியவ இல்ல.”

உடைத்தவர் பட்டியலையும் யாரும் அழிக்க முடியாது, அவரே நினைத்தாலும் முடியாது என்று சேர்த்து எழுதியிருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சாப்பாட்டு மேஜைச் சட்டத்தால் வீட்டில் அதைச் சொல்லவும் வழியில்லை.

புது முறை வந்து நாலு மாதம் ஆயிற்று. முதலில் எல்லாரும் திட்டினோம், அப்புறம் பழகிவிட்டோம். தினமும் காலை எட்டு மணிக்கு டீயோடு அண்ணி பட்டியலைப் படிப்பார். காரணக் கட்டத்தில் ஜனங்கள் எழுதுவது அப்படி. ‘சும்மா’ என்று ஒருவர். ‘டாக்டர் சொன்னார்’ என்று ஒரு டாக்டர். எலும்பு டாக்டர் ‘தவறுதலாகக் கை பட்டுவிட்டது’ என்று ஒரே வாரத்தில் பதினோரு தடவை எழுதியிருந்தார். அறுவை சிகிச்சை செய்கிறவருக்கு அத்தனை தடவை கை தவறலாமா என்று அண்ணி கேட்டதற்கு இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முழித்தார், அதோடு கை தவறுவது நின்றது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மத்தியானம் ஒரு நோயாளியின் ரத்த மாதிரியைக் கொடுப்பதற்காகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் அண்ணன் நின்றிருந்தான். தோளில் ஸ்பானர் பை. லிஃப்ட் பார்க்க வந்தானோ என்று ஒரு நொடி நினைத்தேன். எங்கள் லிஃப்டைப் பார்ப்பது வேறு கம்பெனி. கையில் ஒரு சீட்டு வைத்திருந்தான். கவுண்ட்டர் பெண், “ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்லணும் சார். அவர் வெள்ளிக்கிழமைதான் வருவார்” என்றாள். அவன் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன், அந்தப் பெண்ணிடம் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

ரத்த மாதிரியைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு ஓடினேன். வார்டுக்கு வந்து அவன் பெயரை அடித்தேன். இவர் உங்கள் வார்டில் இல்லை, உங்கள் உறவினர் என்று பதிவாகியிருக்கிறது, அவசரமா என்று கேட்டது. ஆமாம் என்று கண்ணாடியை உடைத்தேன். காரணம் கேட்டது. ‘என் அண்ணன்’ என்று எழுதினேன்.

கழுத்தில் கட்டி. எட்டு நாளைக்கு முன்னால் ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். அன்று காலை கையெழுத்தாகி வந்த முடிவு: சாதாரணக் கட்டி, கெடுதல் எதுவும் இல்லை. மூன்று தடவை படித்தேன். பிறகு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பட்டாசு அழுவதை யாரும் பார்க்கக் கூடாது.

அன்று சாயங்காலமே அவனிடம் சொல்லியிருப்பேன். அவன் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் சிக்கிக்கொண்டது என்று போய்விட்டு நான் தூங்கிய பிறகுதான் வந்திருக்கிறான். மறுநாள் காலை எட்டே காலுக்கு அண்ணி என் வார்டு வாசலில் வந்து நின்றார். ஸ்வெட்டரைக் கழற்றாமலே வந்திருந்தார். அவன் பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டார். தன் புருஷனுக்கு இந்தக் கட்டடத்தில் ஒரு கோப்பு இருக்கிறது, அது பரிசோதனைக் கூடத்துக் கோப்பு, அதை அவன் தங்கை கண்ணாடியை உடைத்துப் பார்த்திருக்கிறாள், இவ்வளவும் அவருக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

“அண்ணி, ஒண்ணும் இல்ல, அது வந்து...”

உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். “சொல்லாதே.”

“நல்ல...”

“எதுவா இருந்தாலும் சொல்லாதே பட்டாசு. உன் மூஞ்சியைக் கூட நான் பாக்கப் போறதில்ல.” நிஜமாகவே பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நீ உடைச்சது அவசரம் இல்ல. நான் எழுதிக் குடுக்கணும். குடுத்துட்டுத்தான் உன்கிட்ட சொல்ல வந்தேன்.”

“நான் யாரோவா அண்ணி?”

“யாரோவா இருந்தா கடிதம் மட்டும்தான் வந்திருக்கும், நான் வந்திருக்க மாட்டேன்” என்றார். போய்விட்டார்.

பெரிய டாக்டர் பத்து மணிக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். குடும்ப விஷயம், முதல் தடவை, பேசாமல் அந்த வரியை எடுத்துவிடலாமே என்றார். எடுக்க முடியாது சார், யாராலும் முடியாத மாதிரிதான் செய்திருக்கிறோம் என்றார் அண்ணி. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், மூன்று மாதத்துக்குக் கண்ணாடி உடைக்கும் உரிமை ரத்து. இருபத்தாறு வருஷ வேலையில் முதல் கடிதம். அந்த நேரத்தில் அண்ணியைத் தண்ணீர் குடிக்காமலே விழுங்கியிருப்பேன்.

அன்று ராத்திரி மூன்றாம் மாடிக்குச் சாப்பிடப் போகவில்லை. எட்டு மணிக்கு அண்ணன் இறங்கி வந்து கதவைத் தட்டினான்.

“சாப்பிட வரலையா? மேல அவ மூஞ்சியும் சரியில்ல. ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?”

அவனை வெளியே இழுத்து, மாடிப்படித் திருப்பத்தில் நிறுத்தினேன். “கழுத்தைக் காட்டு” என்றேன். அவன் கை தானாகக் காலருக்குப் போயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். கெடுதல் இல்லை என்கிற இடம் வந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“சரி, அதான் ஒண்ணும் இல்லைனு ஆயிடுச்சே. அண்ணிகிட்ட சொல்லிடாதே. எதுக்கு வீணா அவளைப் பயமுறுத்தணும்?”

எனக்கு வந்த கோபத்தில் போட்ட சத்தத்துக்கு மேலே கீழே எல்லாக் கதவும் திறந்திருக்கும். “வீணாவா? அண்ணா, உனக்கு மூளை இருக்கா? காலையில எட்டு மணியிலேருந்து அவங்களுக்குத் தெரியும் உனக்கு ஒரு ஃபைல் இருக்குன்னு. என்ன ரிசல்ட்டுன்னு தெரியாது. நான் சொல்ல வந்தேன், கேக்க மாட்டேன்னுட்டாங்க. உனக்கு இப்ப சாதம் போட்டாங்களே, அந்தப் பயத்தை வெச்சுக்கிட்டுத்தான் போட்டாங்க.”

அவன் எழுந்தான். இரண்டு இரண்டு படியாக ஏறினான். நான் பின்னாலேயே போனேன், வெட்கமே இல்லாமல்.

அண்ணி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் சமையலறை வாசலில் நின்று, “கழுத்துல ஒரு கட்டி இருந்துச்சு. டெஸ்ட் பண்ணினேன். ஒண்ணும் இல்லையாம்” என்று ஒரே மூச்சில் சொன்னான். அவர் தட்டை வைத்தார். துணியை வைத்தார். மேடையைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தனை நாளா?”

“மூணு வாரம்.”

“மூணு வாரம்.”

“உன்கிட்ட எப்படிச் சொல்றது? அங்க இருக்கற சாவி பூராவும் உன் கையில. நான் சொன்னா நீ ஒண்ணு திறந்து பாத்துடுவே, பதினெட்டு வருஷமா பாத்ததில்லைங்கற பேரு போயிடும். இல்ல, பாக்காம பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பே. ரெண்டும் உனக்குக் கஷ்டம்தானே? அதான்...”

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்குத்தான் எதையும் திறக்க முடியாதே. அந்த உரிமையை விட்டு நாலு மாசம் ஆச்சே.”

“எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தானே?”

“ஆமா. நான் சொல்லல” என்றார் அண்ணி. அப்புறம்தான் அழுதார். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பேச்சு மேஜையில் தாராளமாக ஓடியது, இரண்டாவது கரண்டியும் விழுந்தது.

கட்டி சாதாரணம்தான், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் வெள்ளிக்கிழமை வந்த டாக்டர். அண்ணி மறுபடி நோட்டை எடுத்தார். பெருக்கல் குறி போட்டு வைத்திருந்த முதல் முறையைத் திரும்பப் படித்தார். “அதுல சொந்தக்காரர் இஷ்டம்னு வெச்சது தப்பில்ல” என்றார் என்னிடம். “டாக்டரைச் சொந்தக்காரர்னு வெச்சதுதான் தப்பு. உடம்பு யாரோடதோ ஃபைல் அவரோடது.” புதிதாக ஒரு தாள் தயாரித்தார். என் கோப்பை என் குடும்பத்தில் யார் யார் பார்க்கலாம் என்று நோயாளி தானே எழுதிக் கையெழுத்துப் போடுகிற தாள். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் அடித்துவிடலாம். பெரிய டாக்டர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கு வாத்தியாருக்கும் ஒரு தாள் அனுப்பினார்கள். யாரும் பார்க்க வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்.

ஆறு மாதம் கழித்து அண்ணன் அடுத்த பரிசோதனைக்கு வந்தான். கவுண்ட்டரில் தாளை வாங்கி இரண்டு பெயர் எழுதினான். மேலே அண்ணி, கீழே நான். பக்கத்தில் நின்றிருந்த அண்ணி அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி, தன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார்.

“ஏன்? நானாத்தானே குடுக்கறேன்? உன் சட்டப்படியும் சரியா வருதே?”

“வருது. ஆனா வேண்டாம்.”

“ஏன்னு கேக்கறேன்ல?”

“நான் ஸ்கிரீன்ல பாத்துட்டா அப்புறம் நீங்க எதுக்கு என்கிட்ட சொல்லப் போறீங்க? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நீங்களா வந்து, பக்கத்துல உக்காந்து, வாயால சொல்லணும். நல்லதோ கெட்டதோ, எனக்கு அப்படித்தான் தெரியணும்.”

அண்ணன் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டான். ஒரு வாரம் கழித்து முடிவு வந்த அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகாமல், நேராக அந்தக் குளிர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினான். அண்ணி ஸ்வெட்டரோடு வெளியே வந்தார். இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். மாத்திரைத் தட்டோடு நான் அந்தப் பக்கமாக இரண்டு தடவை போனேன். என் பெயர் அவன் தாளில் இருந்தது, காலையிலிருந்தே எனக்கு முழு உரிமை இருந்தது. நான் திறக்கவில்லை. அவரிடம் சொல்லி முடித்துவிட்டு எனக்கும் வந்து சொன்னான்.